வக்கீல் மாமாவும் உப்பில்லா விரதமும்

வக்கீல் மாமாவுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே எங்கள் குடும்பம் நம்பியது. வேறு எதை நம்புவது? தச்சநல்லூரில் அவரிடம் வாதாடித் தோற்காத மனிதரே கிடையாது.

மாமா சட்டம் படித்தவர் அல்லர். சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். ஆயினும், யாரையாவது குறுக்கு விசாரணை செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. "இங்கன நிக்காதுன்னு எந்த விதியில இருக்கு வே?" என்று நடத்துநரைக் கேட்பார். பேருந்து நின்றுவிடும்.

அப்படிப்பட்டவர் ஒரு சித்திரையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்கினார். ரத்தக்கொதிப்புக்குப் புது மாத்திரை ஆரம்பித்திருந்த சமயம் அது. மாத்திரையை யார் சந்தேகிப்பார்கள்? வீடு முதலில் அந்த அமைதியை அனுபவித்தது. பிறகு ஒரு காலையில் மாமா ஃபிரிட்ஜின் முன் கைகட்டி நின்று, "எசமான், எதிர்த்தரப்பு இன்னும் வரலை" என்றார்.

அத்தை நடுங்கிப்போய், திருச்செந்தூர் முருகனுக்கு உப்பில்லா விரதம் நேர்ந்துகொண்டாள். பலன் அவருக்கும் சேரட்டும் என்று மாமாவின் சாப்பாட்டிலும் உப்பை நிறுத்தினாள். சூடு தணியக் குடம் குடமாகத் தண்ணீரும் கொடுத்தாள். மாமா என்னையே அடையாளம் தெரியாமல், "நீ எந்தத் தரப்பு?" என்று கேட்கும் நிலைக்கு வந்தார்.

"பூட்டி வச்சுப் பாத்துக்கிடுத இடம் ஒண்ணு விசாரிச்சிருக்கேன் அக்கா" என்றார் அத்தையின் தம்பி. அங்கே கொண்டுபோகக் கார் வந்த அன்று, மாமா வாசலிலேயே சுருண்டு விழுந்தார். கார் மருத்துவமனைக்குத் திரும்பியது.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "மனசுல கோளாறு இல்ல. ரத்தத்துல உப்பு ரொம்ப எறங்கியிருக்கு; மூளை அதான் தடுமாறுது. சாப்பாட்டுல உப்பு உண்டா?" என்றார்.

"ஒரு கல்லு சேக்கல டாக்டர்" என்றாள் அத்தை, பெருமையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

மாத்திரையை மாற்றி, உப்பைப் பையப் பைய ஏற்றினார்கள். சில நாளில் வராந்தா வரை மாமாவின் குரல் கேட்டது: "ஊசி குத்த யார்கிட்ட சம்மதம் வாங்கினிய?"

"சண்டை போடுதாவ" என்று அத்தை அழுதாள்.

விவரம் தெரிந்ததும் மாமா அவளையும் கூண்டிலேற்றினார். "நேந்தது நீ. உப்பில்லாமத் தின்னது நான். இது எப்படிச் செல்லும்?"

"செல்லாது. நான் தோத்துட்டேன், போதுமா?"

இருவரும் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகையில் வாதம் காதில் விழுந்தால், அது முடியும்வரை நான் வாசலிலேயே நிற்பேன்.