ஈரலில் பச்சை வெளிச்சம், தரையில் நான்

மருத்துவமனை வராந்தாவில் டை கட்டி நிற்கிறவரையெல்லாம் ஜனங்கள் டாக்டர் என்றே நம்பிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் நிற்கிறவருக்கே அந்த நம்பிக்கை வந்துவிடுகிறது. எனக்கு வந்தது.

அப்போது நான் அறுவை சிகிச்சைக் கேமரா விற்கும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் காரைக்குடி என்பதால், அங்கே ஒரு மருத்துவமனையில் கேமராவை இயக்கிக் காட்டும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஈரல் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் கேமரா அது. சில நாள் முன்பே நோயாளியின் ரத்தத்தில் ஒரு சாயத்தை ஏற்றுவார்கள். நல்ல ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். புற்று தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியைப் பாய்ச்சினால் சாயம் மினுங்கும், திரையில் பச்சையாகத் தெரியும். இதையெல்லாம் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்திருந்தேன். (ஈரலை மட்டும் கறிக்கடை தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.)

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் முந்தானையை முறுக்கியபடி ஓர் அம்மா நின்றார். கண்டனூர்ப் பக்கத்து விவசாயி கருப்பையாவின் மனைவி வள்ளிக்கண்ணு. உள்ளே படுத்திருந்தது கருப்பையாதான்.

“ஐயா, அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

‘நான் டாக்டர் இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். டையைச் சரிசெய்துகொண்டு, “பயப்படாதீங்கம்மா, உள்ள நான் இருக்கேன்ல” என்றேன்.

உள்ளே உடை மாற்றிக்கொண்டு, மேசைப் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்து நின்றேன். மதுரையிலிருந்து வந்திருந்த சர்ஜன், “லைட்டை அணைங்க” என்றார்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஈரல். அதன் ஓரத்தில், ஸ்கேனில் ஏற்கெனவே தெரிந்திருந்த கட்டி, பச்சையாக ஒளிர்ந்தது. மனப்பாடமெல்லாம் பறந்துபோனது. ஒரு மனிதருக்குள், வெளிச்சமே படாத இடத்தில் ஒளிந்திருந்த நோய், இதோ இருக்கிறேன் என்று தன்னைத்தானே காட்டிக்கொண்டிருந்தது.

சர்ஜன் கேமராவை மெல்ல நகர்த்தினார். “இது என்ன?”

கட்டியிலிருந்து தள்ளி, கடுகளவில் இன்னொரு பச்சை. ஸ்கேனில் இல்லாதது. விரலால் தடவினார். “கைக்குத் தட்டுப்படலையே. லைட்டைப் போடுங்க, இதையும் எடுத்துருவோம்.”

அந்தக் கடுகை நேரில் பார்க்கும் ஆசையில் எக்கி மேசையைப் பார்த்தேன். திரையில் எல்லாம் சாம்பல் நிறம்; அங்கே நிறமே வேறு. (விவரம் வேண்டாம்.) முழங்கால்கள் இரண்டும் என்னிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டன. சும்மாவாவது விழுந்தேனா? கேமரா வயரையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். திரை இருண்டது.

“முதல்ல பிளக்கை மாட்டுங்க. அப்புறம் அவரைத் தூக்குங்க” என்ற சர்ஜனின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

சக்கர நாற்காலியில் என்னை வெளியே தள்ளிவந்ததும் வள்ளிக்கண்ணு அம்மா அலறினார். “ஆத்தே! டாக்டருக்கே இப்புடின்னா, உள்ள அவுக என்ன ஆனாகளோ!”

“அவருக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்காரு. இவரு டாக்டரில்ல, கேமராக்காரரு” என்றார் நர்ஸ்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆபரேசனக்கூடவா போட்டோ எடுக்குறாக?” பிறகு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, முந்தானையால் விசிறினார். “அங்குட்டு இங்குட்டு அசையாம உக்காருங்க தம்பி.” கணவர் மேசையில் கிடக்கும்போது எனக்கு விசிறினார். அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூசியது.

இரண்டையும் எடுத்தாயிற்று என்று சர்ஜன் வந்து சொன்னார். அந்தக் கடுகும் புற்றுதான் என்று பரிசோதனையில் பிறகு தெரிந்தது. கேமராவின் பதிவை நான் போட்டுக் காட்டியபோது, அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்து வள்ளிக்கண்ணு அம்மா கைகூப்பினார். அதற்குப் பிறகு எத்தனையோ தியேட்டர்களில் நின்றுவிட்டேன். அந்தப் பச்சை தெரியும்போதெல்லாம் என் மனப்பாடம் இன்றும் பறந்துபோகிறது.

கருப்பையா இப்போது நன்றாக இருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு என்னை அழைத்திருந்தார். பந்தியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அறிமுகப்படுத்தினார்:

“மயக்க ஊசி போட்டது எனக்கு. மயங்கி விழுந்தது தம்பி!”