இடது முன்னங்கால் ரேகை

வெறும் பார்வையாலேயே ஒரு மனிதரை இளைக்க வைத்துவிட முடியும் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். முழியனின் எதிரே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் நம்பியிருப்பீர்கள்.

திண்டுக்கல்காரன். நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் முதுகலை நடிப்பு படித்தான். அங்கே 'கூர்நோக்குப் பயிற்சி' என்று ஒன்று உண்டு. யாராவது ஒருவரைப் பல நாள் கவனித்து, பதிவேட்டில் எழுதி, பிறகு அவராகவே நடித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் விடுதியில் படுத்துக்கொண்டே ஒரு பூக்காரம்மாவைக் கற்பனை செய்து எழுதிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் 'கூர்நோக்கப்பட்டவர் கையொப்பம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க வைத்தேன். பாடத்திட்டக் குழுவின் ஒப்புதலோடுதான்.

முழியன் மட்டும் நிஜமாகவே பார்த்தான். இமைக்காமல் பார்த்தான். வத்தலக்குண்டு வண்டியில் ஒரு கண்டக்டரை மாதக்கணக்கில் பார்த்தான். கடைசி வாரம் கண்டக்டர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வர, "உள்ள போ, உள்ள போ, நடுவுல அம்புட்டு இடம் கெடக்கு" என்று இவன்தான் கத்திக்கொண்டு வந்தானாம். அடுத்து எங்கள் வாசல் காவலாளி. துணைவேந்தரே ஏமாந்துபோய் இவனிடம் சாவியைக் கொடுத்து, காரை நிழலில் நிறுத்தச் சொன்னார். 'எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காவலாளிக்கும் தெரியாது. ஆகவே பாத்திரம் பொருந்தியது' என்று பதிவேட்டில் எழுதியிருந்தான். சாவி மூன்று நாள் கழித்துக் கிடைத்தது.

அவன் அத்தா என்று கூப்பிடும் அவனுடைய அப்பா பிரியாணிக் கடை வைத்திருந்தார். நடிப்பு என்பது ஒரு படிப்பு என்று அவரை நம்ப வைக்க அவன் நடித்ததுதான் அவனுடைய முதல் நல்ல நடிப்பு. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பட்டம் வாங்கினால் சென்னையில் அவனுக்கு இடம் தருவதாகச் சொன்ன நாடகக் குழுவுக்குப் போகலாம். வாங்காவிட்டால் மறுநாள் காலை கல்லாவில் உட்கார வேண்டும்.

இறுதிச் செய்முறைத் தேர்வுக்கு 'ஏதேனும் ஓர் உயிர்' என்று பேராசிரியர் தலைப்புக் கொடுத்தார். எல்லாரும் மனிதர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முழியன் ஆட்டைத் தேர்ந்தெடுத்தான்.

அத்தாவோடு அய்யலூர்ச் சந்தைக்குப் போய், ஆடுகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தான்.

"ஏலே, விக்க வந்தியா, வாங்க வந்தியா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தரகர்.

"பாக்க வந்தேண்ணே."

"அப்ப செத்த தள்ளி உக்காரு. ஒன்னயும் சேத்து வெல கேக்குறாய்ங்க."

கடைசியில் ஒரு கறுப்புக் கெடாவின் மீது அவன் கண் நிலைத்தது. அத்தா அதைக் கடைக்காக வாங்கினார். இவன் கெஞ்சிக் கெஞ்சி, கடையின் பின்பக்கம் ஒரு மாதம் கட்டி வைத்துப் பார்த்தான். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பதிவேட்டை என் மேசையில் வைத்தான். கையொப்பக் கட்டம் காலி.

"இது செல்லாதுப்பா. பதிவேடு முழுமையா இல்லேன்னா தேர்வுக்கு அனுமதி இல்ல."

"சார், அது கையெழுத்துப் போடாது சார்."

"எழுதத் தெரியாதவங்களுக்கு இடது பெருவிரல் ரேகை. ரெண்டு சாட்சி. விதியில இருக்கு."

தொலையட்டும் என்று சொன்னதுதான். மறுநாள் காலை ஷேர் ஆட்டோவிலிருந்து முழியன், அவனுடைய அத்தா, கெடா மூவரும் இறங்கினார்கள்.

விதியைச் சொன்னவன் பின்வாங்க முடியாது. ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன். ஆட்டுக்குப் பெருவிரல் கிடையாது என்பதால் இடது முன்னங்கால் என்று முடிவாயிற்று. குளம்பு இரண்டாகப் பிளந்திருந்ததால், 'இரண்டும் ஒருவருடையதே' என்று ஓரத்தில் குறிப்பு எழுதிச் சான்றொப்பமிட்டேன். முதல் சாட்சி அத்தா. இரண்டாம் சாட்சி வாசல் காவலாளி. அதற்குள் கெடா, துறைத் தலைவருக்கான சுற்றறிக்கையில் பாதியை முடித்திருந்தது.

"வேல முடிஞ்சுச்சுல்ல சார்?" என்று கயிற்றைப் பிடித்தார் அத்தா. "நாளைக்கு ஒரு கல்யாண ஆர்டரு. ஒரு மாசமா இன்னிக்கி நாளைக்கின்னு இவன் தள்ளிக்கிட்டே வாரான்."

முழியனின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தா, பரீச்ச அடுத்த வாரம். அது இல்லேன்னா நான் மேடையில ஏற மாட்டேன்" என்றான்.

"ஏறாட்டி கல்லா இருக்கு, வா."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "பாய், ஒரு நிமிஷம். பதிவேட்டுல ரேகை வச்சவர், தேர்வு முடிவு வந்து கோப்பு முடியற வரைக்கும் விசாரணைக்குக் கிடைக்கிற மாதிரி இருக்கணும். இல்லேன்னா சாட்சியாக் கையெழுத்துப் போட்டவங்கதான் பதில் சொல்லணும்."

அத்தா ஆட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"ரூல்ஸா சார்?"

"ரூல்ஸ்தான் பாய்."

"அது வரைக்கும் தழை யாரு போடுறது? பல்கலைக்கழகமா?"

கயிற்றை மகனிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். கல்யாணத்துக்கு வேறு ஆடு வாங்கிக்கொண்டார்.

தேர்வன்று புறத்தேர்வாளர் 'மே' என்று ஒரு சத்தம் வரும், குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவோடு காத்திருந்தார். வரவே இல்லை. முழியன் நாலு காலில் நின்று, தாடையை அசைத்தபடி அவரையே பார்த்தான். அவர் நெளிந்தார். பிறகு இவன் மெதுவாக வந்து மேசையில் மோவாயை வைத்து மதிப்பெண் பட்டியலின் மூலையைக் கடித்தான். யாரும் தடுக்கவில்லை. முழுவதையும் தின்றான். மாற்றுப் பட்டியல் கோரும் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'தேர்வின்போது தேர்வரால் உட்கொள்ளப்பட்டது' என்று நானே எழுதினேன். கதவோரம் நின்றிருந்த அத்தா, "சனியன், அப்படியே நம்ம கெடாதேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேறினான். சென்னைக்குப் போனான். இப்போது மேடைகளில் கலெக்டராகவும் கொலைகாரனாகவும் வருகிறானாம். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் அத்தாவைப் பார்த்தேன். கெடா கொழுத்துப்போய், கடைக்கு வருகிறவர்களை எல்லாம் முட்டுகிறதாம்.

"சார், அந்தப் பைலு முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல பாய். மேல போயிருக்கு."

"வரட்டும், வரட்டும். அவசரமில்ல" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்படி ஒரு விதி எந்த ஏட்டிலும் கிடையாது. முப்பத்து நான்கு வருடப் பணியில் ஆதாரம் இல்லாமல் நான் சொன்ன விதி அது ஒன்றுதான். அந்தப் பயலுக்காக என்றால் இன்னும் நாலு சொல்லியிருப்பேன்.