நல்ல கிருமிகளின் காவல்தெய்வம்

குளியலறையிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்து இன்னொரு 'டொக்'. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த புனிதா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். கை கழுவப் போன சீதாலெட்சுமி அக்கா, புனிதாவின் மகள் தனுஷாவின் முகப்பூச்சுகளைக் குப்பைத் தொட்டியில் போடத் தொடங்கிவிட்டார்!

வாசகர்களே, லேபிள் படிக்கும் இனம் இதுதான். உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். செருப்பைக் கழற்றும், நலம் விசாரிக்கும், கை கழுவுகிறேன் என்று உள்ளே போய், ஷாம்பு முதல் பற்பசை வரை ஒவ்வொன்றையும் திருப்பிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எறும்பெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, இழவு வீட்டு முகத்தோடு வெளியே வரும். பாதிப் பெயர் வாயில் நுழையாது. அதனால் என்ன? வாயில் நுழையாததெல்லாம் விஷம்!

"புனிதா, இதுல கெடாம இருக்க மருந்து கலந்திருக்கான்லா! உன் மக கன்னத்துல கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க குடியிருக்கு. வாயில்லாத ஜீவனுங்க! அதுங்கள கொன்னுட்டா பரிசம் போடப் போறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் தனுஷாவுக்குப் பரிசம். மாப்பிள்ளை கிஷனைப் பேசி முடித்ததே இந்த அக்காதான். அக்கா முகம் கோணினால் சம்பந்தமே கோணிவிடாதா? புனிதா கண்கலங்க நின்றாள்.

சத்தம் கேட்டு வந்த தனுஷாவிடம் அக்கா கைப்பையிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து நீட்டினார். கற்றாழை, தேங்காய்ப்பால், தேன். "ஒரு மருந்தும் கிடையாது. நானே செஞ்சது. இப்பவே பூசும்மா."

கிள்ளானிலிருந்து காரில் வெந்துகொண்டே வந்த பாட்டில். தனுஷா திறந்தாள். 'புஸ்!' மேலே பச்சைப் பசேலென்று பூஞ்சணம்.

"ஆன்டி, முளைச்சிருக்கு!"

"பார்த்தியா? உயிரோட இருக்கு!"

"மருந்து இல்லன்னா நல்லது மட்டுமா ஆன்டி வளரும்? கெட்டதும்தான். சரி, முதல்ல நீங்க பூசிக் காட்டுங்க."

அக்கா பாட்டிலைப் பார்த்தார். பளபளக்கும் தம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் மேக்கப் போட்டிருக்கேன்லா..."

"அதுல என்ன கலந்திருக்கான்?"

"அது நல்ல கம்பெனி. நான் படிக்கல."

சொல்லிவிட்டு அக்காவே சிரித்துவிட்டார். "வாயாடி! கிஷன் பாவம்லா. ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வந்து சேருங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நேரம் தவற மாட்டாங்க."

போன உயிர் திரும்பி வந்தது புனிதாவுக்கு. வழியனுப்பிக் கதவைச் சாத்தினாள். குப்பைத் தொட்டியிலிருந்து பாட்டில்களைப் பொறுக்கிக் கழுவினாள். கழுவியவள், ஒன்றை மெல்லத் திருப்பினாள்.

"தனு, அம்மா கண்ணாடிய எங்க வச்சேன்?"

சிரிக்காதீர்கள். நாளைக் காலை பல் துலக்கும்போது உங்கள் கை பற்பசையை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பாருங்கள். அதற்கு முன் குளியலறைக் கதவை நன்றாகச் சாத்திக்கொள்ளுங்கள்.