வெற்றிலை தின்ற வேட்பாளர்

ஊரைத் திருத்தக் கிளம்புகிறவனுக்கு முதலில் சொந்த வீட்டில் சோறு கிடைக்காது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பத்தொன்பது வயதில் காலிவயிற்றோடு தெரிந்துகொண்டேன்.

நாட்டில் முதல் பொதுத்தேர்தல் வரப்போகிற சமயம். மாணவர்களுக்குப் பொறுப்பு வர வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் ஒரு குடிமக்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். நான்தான் செயலாளர். (வேறு யாரும் கை தூக்கவில்லை. வீட்டில் மட்டும் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்.) அன்றிலிருந்து என் நடையில் ஒரு மந்திரி தோரணை வந்துவிட்டது. இராயபுரத்தில் அப்பாவின் மளிகைக் கடையைத் தாண்டும்போது மட்டும் சாதாரணமாக நடப்பேன். இல்லாவிட்டால் கூப்பிட்டுப் பருப்பு மூட்டை தூக்கச் சொல்லிவிடுவார்.

ஓட்டுப் போடுவது எப்படி என்று ஜனங்களுக்குச் சொல்லித் தருவதுதான் சங்கத்தின் முதல் வேலை. அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டிமேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். திருவொற்றியூர் போகிற வழியில் கடலோரமாக இருந்த ஒரு மீனவர் குப்பத்தில் மாதிரித் தேர்தல் நடத்திக் காட்டுவது என்று முடிவாயிற்று. கற்றுக்கொடுக்கப் போகிற எனக்கே ஓட்டுப் போடும் வயது வரவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேட்பாளர்கள் இரண்டு பேர். நான் ஒருவன். இன்னொருவன் என் வகுப்புத் தோழன் தேவசகாயம். எங்கள் குடும்பத்தைப் போலவே அவன் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. யானைக்கவுனியில் மொத்த வியாபாரம். எங்கள் கடையிலிருந்து இரண்டு பிஸ்கட் டின்களைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பெட்டியாக வைத்தோம். அவனுக்குப் பூட்டு சின்னம், எனக்குக் குடம். எனக்கு வரையத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கோயிலுக்கு முன்னால் மணலில் ஊரே திரண்டு உட்கார்ந்திருந்தது. தேவசகாயம் முதலில் பேசினான். நேர்மை என்றான், கடமை என்றான், முடியாததைச் சொல்லி ஓட்டுக் கேட்பது பாவம் என்றான். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். (இவன் பாதிரியாராகத்தான் போவான் என்று அன்றைக்கே நினைத்தேன். அப்படியே ஆனான்.)

அடுத்தது நான். அந்தக் குப்பத்துக் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பெண்கள் இருட்டோடு எழுந்து, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய் வரிசையில் நின்று தூக்கி வர வேண்டும். மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விற்கப் போவது அதற்கு அப்புறம். இதை வரும் வழியில்தான் கேள்விப்பட்டிருந்தேன். சும்மா விடுவேனா? குடம் படத்தைத் தூக்கிப் பிடித்து, "தாய்மார்களே, எனக்கு ஓட்டுப் போட்டால் இதே இடத்தில் குழாய் வரும்" என்றேன். கைதட்டல் பிரமாதமாக இருந்தது. அந்தச் சூட்டில், "தீபாவளிக்குள் வரும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எண்ணிப் பார்த்தால் பூட்டுப் பெட்டியில் தேவசகாயம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சீட்டு மட்டும் கிடந்தது. மற்றதெல்லாம் குடத்துக்கு.

ஊர்த் தலைவர் எழுந்து வந்தார். பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, ஊர் பார்க்க என் முன்னால் நீட்டினார். பேசிப் பேசி எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. எடுத்து மடித்து வாயில் போட்டு மென்றேன். கூட்டம் சந்தோஷத்தில் இரைந்தது. என் வெற்றிக்குத்தான் என்று நினைத்து, சிவந்த வாயோடு கும்பிடு வேறு போட்டேன்.

(என் அக்காவின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு மாற்றியபோது பக்கத்தில்தான் இருந்தேன். "வெற்றிலை கை மாறியாச்சு, இனிமே பேச்சு மாறப்படாது" என்று பெரியவர்கள் சொன்னதும் காதில் விழுந்தது. அதுவும் இதுவும் ஒன்று என்று மட்டும் உறைக்கவில்லை. பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், பாவம்.)

தீபாவளி வந்து போயிற்று. மறுநாள் காலை எங்கள் கடை வாசலை அடைத்துக்கொண்டு வெறுங்குடங்கள் நின்றன. குடங்களுக்குப் பின்னால் பெண்கள். எல்லாருக்கும் முன்னால் எல்லம்மா. எங்கள் தெருவில் மீன் விற்கிறவள்தான், அந்தக் குப்பத்துக்காரி என்று எனக்குத் தெரியாது.

"இன்னா நைனா, கொழா எங்க கீது?" என்றாள்.

"அது மாதிரித் தேர்தல்மா. சும்மா, நடத்திக் காட்டறதுக்கு."

"நாங்க சொம்மாவா ஓட்டு போட்டோம்? வலைக்கிப் போவாம ஆம்பளைங்கல்லாம் குந்திகினு இருந்தாங்க. ஊரு முன்னால வெத்தல வாங்கி நீ மென்னு துண்ணியா இல்லியா?"

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். வாசலில் குடங்கள் இருந்தால் வாடிக்கைக்காரர்கள் எப்படி உள்ளே வருவார்கள்? அந்தப் பெண்களைத்தான் விரட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஏலே, வெத்தலை வாங்கினியா?"

"ஆமாப்பா, ஆனா..."

"தின்னியா?"

"தின்னேன்."

"பெறவு என்ன ஆனா? நான் வாயால சொன்ன சொல்ல வச்சுத்தாம்ல இந்த ஊர்ல கடை நடத்துதேன். கொழாய்க்கு வழி பண்ணிட்டு வந்து சாப்பிடு."

அம்மா ஒளித்து வைத்துச் சோறு போடுவாள் என்று நம்பினேன். விஷயத்தைக் கேட்டதும் அவளும் எல்லம்மா கட்சியில் சேர்ந்துவிட்டாள். தண்ணீர் சுமந்தவளுக்குத்தான் தெரியும் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தேவசகாயம் வீட்டில்தான் அன்று எனக்குச் சாப்பாடு. அவனும் உபதேசம் செய்யாமல் போடவில்லை.

குழாய்க்கு மனு வாங்குகிற ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"நீங்க யார் தம்பி?"

"அந்தக் குப்பத்தில் ஜெயிச்சவன் சார்."

"தேர்தலே இன்னும் நடக்கலியே. எதில் ஜெயிச்சீங்க?"

சொன்னேன். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. மேஜைக்கு மேஜை செய்தி போய், உள் அறையிலிருந்து ஒருவர் என் முகத்தைப் பார்ப்பதற்கென்றே எழுந்து வந்தார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை. வெளியே வராந்தாவில் எல்லம்மா குடத்தோடு உட்கார்ந்திருந்தாள், ஓடினால் அவளைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

அதிலிருந்து கல்லூரி விட்டால் நேரே அந்த ஆபீஸ்தான். தேவசகாயம் மனு எழுதினான், சங்கத்துப் பையன்கள் வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்கள். முதலில் எனக்காகப் பரிதாபப்பட்டு வந்தவர்கள்தான். ஒருநாள் விடியுமுன் பெண்களோடு ரயில்வே கேட் வரை குடம் தூக்கிப் பார்த்தோம். திரும்பி வரும்போது நான் பாதித் தண்ணீரைச் சட்டையில் கொண்டுவந்தேன். அப்புறம் யாருக்கும் பரிதாபம் என்மேல் இல்லை. நான் ஒரு நாள் ஆபீஸுக்குப் போகாவிட்டால் பையன்களே திட்டினார்கள்.

இதற்கிடையில் நிஜ வேட்பாளர் ஒருவர் ஜீப்பில் குப்பத்துக்கு வந்தார். வந்தவர் முன்னால் எல்லம்மா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். "இன்னா செய்வேன்னு சொல்லிட்டு எடு சாமி" என்றாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். குழாய் கொண்டுவருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். ஓரமாக நின்ற எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஊர்த் தலைவரிடம் போய், "அப்போ என் பொறுப்பு தீர்ந்தது இல்லையா?" என்று கேட்டேன்.

"அதெப்டி? அவரு வாங்கினது அவரு கொழாக்கி. நீ வாங்கினது உன் கொழாக்கி. ரெண்டு பேரு வெத்தல துண்ணா ரெண்டு கொழா" என்றார்.

தேர்தல் முடிந்தது. அவர் ஜெயித்தார். கொஞ்ச காலத்தில் கோயிலுக்கு எதிரே குழாயும் வந்தது. அவர் மாலையோடு வந்து திறந்துவைத்தார். ஆபீஸ் அதிகாரி என் காதருகே, "உன் தொல்லை தாங்காமல்தான் தம்பி போட்டோம்" என்றார். அதைத் தலைவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திறந்தவர் யாரோ அவர் குழாய்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முறையிட்டேன். "அவுக சொல்லுதது நாயந்தான்" என்றார்.

என் குழாய்க்கு மேலும் சில வருஷங்கள் பிடித்தன. பட்டம் வாங்கினேன், அப்பா கடையில் உட்கார்ந்தேன், ஆபீஸில் அதிகாரிகள் மாறினார்கள், நான் மாறாமல் போய்க்கொண்டிருந்தேன். எல்லம்மா தினமும் மீன் கூடையோடு கடையைத் தாண்டும்போது "இன்னா நைனா" என்பாள். மிச்சத்தைச் சொல்ல மாட்டாள். எனக்குக் கல்யாணமான வருஷம்தான் குப்பத்தின் வடகோடியில் இரண்டாவது குழாய் வந்தது. புதுப் பெண்டாட்டியோடு போனேன். எல்லம்மா குழாயைத் திறந்து முதல் குடத்தைப் பிடித்தாள். குடம் நிறைந்து வழிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. (இந்த வரியை வீட்டில் படித்துக் காட்டப் போவதில்லை.)

எல்லம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானைக்குப் பின்னாலிருந்து அதே பித்தளைத் தட்டை எடுத்தாள்.

"தெருவுல வெளக்கு இல்ல நைனா."

என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாங்காதீங்க" என்றாள்.

இந்தத் தடவை எனக்கு நாக்கு வறளவில்லை. அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்பதும் நன்றாகத் தெரியும். எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் தாம்பூலத் தட்டுக்கும் எனக்கும் நடுவில் என் மனைவி வந்து நின்றுகொள்கிறாள். "இவருக்குக் குடுத்துடாதீங்க, இன்னும் சாக்கடை பாக்கி இருக்கு" என்கிறாள்.