கணக்கில் ஏறாத படிகள்

ஜபல் அம்மான், ஜோர்தான்

அன்புள்ள மச்சான் ஹைதமுக்கு,

அல்லாஹ்வின் அருளால் நானும் உன் அக்கா நுஹாதும் நலம். இர்பிதில் நீயும் பிள்ளைகளும் உன் மருந்துக்கடையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி சண்டை.

மாரடைப்பு வந்து படுத்தவனுக்கு எல்லோரும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். நீ மட்டும் கைக்கடிகாரம் வாங்கி வந்தாய். என் போனில் ஒரு செயலியையும் ஏற்றி, "அத்தான், இனி ஆஸ்பத்திரி உங்க சட்டைப்பையிலேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். நான் படும் பாட்டைக் கேள். எங்கள் தெருவே படிக்கட்டு என்பது உனக்குத் தெரியும். நெஞ்சுவலி வந்ததிலிருந்து அதன் அடிவரை நான் போனதில்லை. இறங்கப் பயமில்லை, திரும்ப ஏறத்தான் பயம். கீழே காபிக்கடையில் என் நாற்காலியில் எவனெவனோ உட்காருகிறான். செயலி சொல்கிறதே என்று பாதி வழி நடந்தால், வாசலுக்கு வாசல் "வாங்க, ஒரு வாய் காபி!" என்கிறார்கள். நிற்காமல் போக நான் என்ன காட்டுமிராண்டியா? நின்றதும், "ஏன் நின்றுவிட்டீர்கள்? நெஞ்சு வலிக்கிறதா?" என்று போன் ஒரு பெண் குரலில் தெருவுக்கே கேட்கக் கத்துகிறது. பக்கத்து வீட்டு உம்மு ராயித் அதைப் பிடுங்கி, "அவருக்கு ஒண்ணுமில்லம்மா, காபி குடிக்கிறாரு. நீ சாப்பிட்டியா? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அது பதிவு செய்த குரல் என்றேன். "எவ்வளவு அடக்கமான பொண்ணு! பதிலே பேச மாட்டேங்குது பாருங்க" என்று தன் மகனுக்கே நிச்சயம் செய்துவிட்டாள்.

வாரம் ஒருமுறை லுப்னா என்ற நிஜ நர்ஸ் வீடியோவில் வருவாள். நான் கைகாலை நீட்டி மடக்க வேண்டும். விருந்தாளி முன் பைஜாமாவா என்று உன் அக்கா எனக்குக் கோட்டு மாட்டிவிட்டு, போன் முன்னால் ஒரு தட்டு பக்லாவா இனிப்பும் வைக்கிறாள். போன வாரம் லுப்னா, "மாமா, இனி நீங்க கீழ வரைக்கும் போயிட்டு வரலாம். உங்க இதயம் தயார்" என்றாள். இதயம் தயார், நான் தயாரில்லை மச்சான். நடுப்படியில் விழுந்துவிடுவேனோ, நுஹாத் தனியாகிவிடுவாளோ என்றே மனம் அடித்துக்கொள்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை வந்து கடிகாரத்தையும் செயலியையும் எடுத்துக்கொண்டு போய்விடு. போனில் சொன்னால் பேசியே என்னை மயக்கிவிடுவாய் என்றுதான் காகிதத்தில் எழுதி, கீழே நிற்கும் இர்பித் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். அல்லாஹ் உன் கடையில் கூட்டத்தையும் வீட்டில் அமைதியையும் பெருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக உள்ள அத்தான்,
ஷௌகத்

பி.கு.: இந்தக் கோபத்தோடு டிரைவரைப் பார்க்க நானே விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். கீழே போய்ப் பையில் கைவிட்டால் கடிதம் இல்லை! என்னையே திட்டிக்கொண்டு, காபிக்குக் கூப்பிட்டவர்களிடமெல்லாம் "அப்புறம், அப்புறம்!" என்று சொல்லியபடி ஏறி வந்தேன். வீட்டு மேசையில் கடிதம், போன், கடிகாரம் மூன்றும் கிடக்கின்றன. அப்போதுதான் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறேன் என்றே உறைத்தது. உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள். போனோ, "இன்று நீங்கள் நடக்கவே இல்லை" என்கிறது. அநியாயம் மச்சான்! அத்தனை படியும் கணக்கில் ஏறவில்லை. லுப்னா நம்ப வேண்டாமா? நாளைக் காலை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நானே இறங்கி இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வரும்போது நேரே வீட்டுக்கு ஏறிப் போய்விடாதே. கீழே காபிக்கடையில் என் நாற்காலியில் இருப்பேன்.