சம்பந்திக்குப் போன வீட்டுப்பாடம்

கர்த்தருக்குள் அன்பான மகன் ஜோஸ்வினுக்கு, மாடம்பாக்கத்திலிருந்து அப்பா எழுதுவது. அம்மா சுகம். நான் சுகமில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, செய்த காரியம் அப்படி. வாட்ஸ்அப்பைத் தொடவே பயமாக இருப்பதால் கையால் எழுதி, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ நஸ்ரின் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போகுமுன் படித்துவிடு.

போன மாதம் வீடியோவில் நஸ்ரினின் அப்பா பஹ்மன் சாரும் நானும் அரைமணி நேரம் சிரித்தோமே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் பாரசீகம் வராது. சம்பந்தியாகப் போகிறவரிடம் நாலு வார்த்தை பேச வேண்டாமா என்று பொத்தேரி ஜீவிதா டீச்சரிடம் ஆன்லைனில் பாரசீகம் படிக்கச் சேர்ந்தேன். தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில் வருகிறது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்: ஒவ்வொரு சொல்லுக்கும் 'ஆம்' என்று ஒரு வாக்கியம், 'இல்லை' என்று ஒன்று, கேள்வியாக ஒன்று. மேஜை, நாற்காலி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். உன் நினைப்பாகவே இருந்ததால் எல்லாவற்றிலும் உன்னைப் போட்டேன். "ஜோஸ்வின் கூப் அஸ்த். ஜோஸ்வின் கூப் நீஸ்த். ஆயா ஜோஸ்வின் கூப் அஸ்த்?" அதாவது நீ நல்லவன், நல்லவன் இல்லை, நல்லவனா? பிறகு உன் வேலை, உன் உடல்நலம், பட்டியலில் இருக்கிறதே என்று 'கல்யாணமானவன்' கூட. பள்ளிக்கூடப் பிரேயரில் அறிவிப்பு வாசித்த அதே குரலில் பதிவு செய்து, டீச்சருக்கு அனுப்புவதாக நினைத்து பஹ்மன் சாருக்கு அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு பேரும் வைத்திருக்கும் படம் ரோஜாப்பூ! அவர் கேட்டுவிட்டார் என்று நீல டிக் விழுந்ததும் பதறி அழித்தேன். 'எனக்கு மட்டும்' என்பதை அழுத்தியிருக்கிறேன். என் போனில் போய்விட்டது, அவர் போனில் பத்திரமாக இருக்கிறது.

"சிரிச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? யாருங்க உங்கள பேசச் சொன்னது?" என்கிறாள் அம்மா. இரண்டு நாளாக அவரிடமிருந்து பதில் இல்லை. 'பேப்பரைக் கொடுக்குமுன் ஒருதரம் பாருங்கடா' என்று முப்பத்திரண்டு வருஷம் கத்தியவன் நான். வெட்கமாக இருக்கிறது ஜோஸ்வின். என் ஆசையால் உன் கல்யாணம் நின்றால் என்னால் தாங்க முடியாது. நீயே அவரிடம் விளக்கிச் சொல். அப்பாவை மன்னித்துவிடு.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. முக்கியமாக என் கைப்பேசியிலிருந்து.

அன்புள்ள அப்பா,
தேவானந்தம்

பி.கு.: ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கும்போது பஹ்மன் சாரின் குரல் செய்தி வந்தது. தமிழில்! "நஸ்ரின் நல்ல பெண். நஸ்ரின் நல்ல பெண் இல்லை. நஸ்ரின் நல்ல பெண்ணா?" பின்னால் அவர் வீட்டம்மா சிரிக்கிற சத்தம். அவரும் யாரிடமோ படிக்கிறார் போலிருக்கிறது. நீ ஒன்றும் விளக்க வேண்டாம், மேலே எழுதியதை மறந்துவிடு. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் அனுப்பினேன்: "நஸ்ரின் கூப் அஸ்த்." அனுப்புமுன், கூடவே வந்திருந்த அம்மா மூன்று தடவை பெயரைச் சரிபார்த்தாள்.