உபரிநீர் உடையாள் பூவாயி

வாரிநாட்டில் மழை அரிதாகவும் அரசாணை அடிக்கடியும் பெய்துவந்த காலத்தில், உழவர்கள் தம் முறைத் தண்ணீரைத் தமக்குள் மாற்றிக்கொண்டார்கள். வயல் நனைந்தவர் பக்கத்து வயலின் வாய்மடையில் ஒரு புல்முடியை வைத்துவிட்டுப் போவார். இன்றைய என் முறை உனக்கு என்பது அதன் பொருள். அவருக்கு வேண்டியபோது புல்முடி திரும்பி வரும்.

இதைக் கேள்வியுற்ற அரசர் வருந்தினார்.

"இத்தனை பெரிய வணிகம் புல்லை நம்பியா நடக்கிறது?"

உடனே நீர்வணிக மேம்பாட்டு அமைச்சகம் பிறந்தது. முதல் ஆணை புல்முடியைத் தடைசெய்தது. அடுத்தது, நிலமற்றவரும் தண்ணீர் வாங்கலாம் என்றது; இதனால் சமத்துவம் ஓர் அங்குலம் உயர்ந்திருப்பதாக அமைச்சர் விளக்கினார். பிறகு, தண்ணீர் வாங்க விரும்பும் உழவர் தம் பயிர் வாடியிருப்பதை அதிகாரிக்கு நேரில் காட்ட வேண்டும் என்றானது.

அப்போது பூவாயியின் நெல் பால்பிடிக்கும் பருவத்தில் இருந்தது. அவள் வீட்டுக்கு ஆண்டு முழுதும் அதுதான் சோறு. பக்கத்து வயல் சடையனிடம் தண்ணீர் மிஞ்சியிருந்தது.

"மதினி, என் முறையைத் திருப்பிக்கிடுங்க. எனக்கு வயல் நெறைஞ்சு கெடக்கு."

"திருப்புனா உன்னையுமில்ல சேத்துக் கட்டிக்கிட்டுப் போவாங்க. அதிகாரி வரட்டும், கொழுந்தா."

"அவரு பல்லக்குல வர்றதுக்குள்ள மழையே நடந்து வந்துரும்."

அதிகாரி வந்தார். ஒரு நெல்தாளைப் பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வாட்டம் போதாது, அம்மா. பச்சை தெரிகிறது."

"பால் பிடிக்கிற நேரமுங்க. இன்னும் வாடுனா பதருதான்."

"வாடட்டும், பார்ப்போம்."

மறுமுறை அவர் வந்தபோது வயல் வைக்கோல் நிறத்தில் நின்றது. சட்டநூலை நெடுநேரம் புரட்டியபின் அவர் முகம் மலர்ந்தது.

"செத்த பயிருக்குத் தண்ணீர் தேவையில்லை. எனவே உங்கள் முறை முழுவதும் உபரி. வாழ்த்துகள், அம்மா. இன்றுமுதல் நீங்கள் விற்பவர்."

தண்ணீர் மிஞ்சியதாகச் சொன்ன குற்றத்துக்காகச் சடையனின் முறை அதற்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. அறுவடைக் காலத்துக்குள் உழவர் அனைவரும் விற்பவராக உயர்ந்துவிட்டனர். தண்ணீர் கேட்பார் எவருமில்லை. ஆகவே தட்டுப்பாடு ஒழிந்ததென்று முரசறையப்பட்டது. விழா மேடையில் அமைச்சர் பூவாயிக்கு மாலை சூட்டினார்.

அவள் மாலையைக் கழற்றாமலே கேட்டாள்: "எல்லாரும் வித்துட்டோமுன்னு சொல்றீங்க. வாங்குனது யாருங்க ஐயா?"

"மிக நல்ல கேள்வி," என்றார் அமைச்சர். "ஆனால் கேள்வி கேட்கும் உரிமை வாங்குபவருக்கு மட்டுமே உண்டு."

அத்தனையும் வாங்கிய நிலமற்ற செல்வர் அமைச்சருக்கு அடுத்த இருக்கையில்தான் அமர்ந்திருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை.